மங்கை வீட்டில்தான் இருக்கிறாள்

ஜூன் 3, செவ்வாய்

மங்கை காலை பஸ்ஸில் கும்பகோணம் போய்விட்டாள். அவள் தங்கை மலர்விழி புது வீடு கட்டியிருக்கிறாள், வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவாள். நான் போகவில்லை. மலர்விழியின் கணவரோடு ஒரு காபி குடிக்கும் நேரத்துக்கு மேல் பேச எனக்கு விஷயம் கிடையாது.

கிளம்பும்போது தக்காளி சட்னி எந்தத் தட்டில் இருக்கிறது, மாவு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சரக்கு ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ரயிலையே கடைசிப் பெட்டியிலிருந்து கட்டி மேய்த்தவனுக்கு ஃப்ரிட்ஜுக்குள் சட்னியைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? கொஞ்சம் நேரம் ஆயிற்று, அவ்வளவுதான். காய்கறிக் கூடைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

இங்கே எங்கள் குழுவைப் பற்றி எழுத வேண்டும். இந்த அடுக்ககத்தில் நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் நெருக்கம். எதிர் வீட்டில் நூர்ஜஹான் அக்கா தனியாக இருக்கிறார், மகன் ஷார்ஜாவில். கீழ் வீட்டில் ஜெபராஜும் அவர் மனைவி எஸ்தர் டீச்சரும். மாடியில் வித்யா, கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண்தான் 'ராத்திரி என்ன?' என்று வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவரவர் வீட்டில் என்ன சமையல் என்று போட வேண்டும், முடிந்தால் படத்தோடு. மங்கையும் குழுவில் இருக்கிறாள், ஆனால் வாய் திறக்க மாட்டாள். எங்கள் வீட்டில் சமைப்பது அவள், அறிவிப்பது நான்.

அவள் ஊரில் இல்லை என்பதை நான் குழுவில் சொல்லப் போவதில்லை. போன வருஷம் எஸ்தர் டீச்சர் அம்மா வீட்டுக்குப் போனபோது ஜெபராஜ் அதை வெகுளியாகக் குழுவில் போட்டார். அடுத்த நிமிஷம் அவர் வாசலில் கிண்ணங்கள் வரிசை கட்டின. அவருக்கு 'பார்சல் ஜெபராஜ்' என்று பெயர் வைத்தவன் நான். அந்தப் பெயர் அவரை இன்னும் விடவில்லை. எனக்கு அப்படி ஒன்று வர வேண்டாம்.

குழுவில் போட்டது: "மங்கை இன்று தோசை, தக்காளி சட்னி." இதில் பொய் எதுவும் இல்லை. சட்னி அவள் அரைத்தது. தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது கல்லின் குற்றம்.

ஜூன் 5, வியாழன்

மாவு புளித்துவிட்டது. எஸ்தர் டீச்சர் ஒரு கிண்ணம் அவியல் கொடுத்தனுப்பினார். இந்தப் பெண்கள் நாலு பேருக்குள் இது எப்போதும் நடப்பது. இந்தக் கிண்ணம் அங்கே போகும், அந்தக் கிண்ணம் இங்கே வரும். சங்கடம் என்னவென்றால், வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது.

சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மங்கை போன் செய்தாள்.

"மலர் விடமாட்டேங்கிறா. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரவா?"

"தாராளமா இரு. எனக்கு ஒரு சிரமமும் இல்ல. நீ இல்லாததே தெரியல."

"தெரியலையா?"

"துளிகூடத் தெரியல."

"சரிங்க" என்று வைத்துவிட்டாள். அங்கே அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படி அழுத்திச் சொன்னேன். சந்தோஷப்பட்டிருப்பாள்.

இரவுக்குத் தயிர் சாதம். ஆனால் நேற்றும் அதுதான் என்பதால் போனில் கிடந்த ஒரு பழைய படத்தை எடுத்து, "மங்கை இன்று சுண்டைக்காய் வத்தக்குழம்பு" என்று போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். வித்யா, "ஆன்ட்டி, எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க" என்று கேட்டாள்.

சரி, நாளைக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று தட்டைக் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மங்கை பதில் எழுதியிருக்கிறாள். கும்பகோணத்திலிருந்து. இத்தனை நாள் வாய் திறக்காதவள். நல்லெண்ணெய் எவ்வளவு, சுண்டைக்காயை எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும், எல்லாம் இருந்தது. கடைசி வரி: "புளி கொதிக்கும்போது பக்கத்துல நின்னு 'இன்னும் ஆகலையா'ன்னு யாரும் கேட்காம பார்த்துக்கணும். கேட்டா கசந்துடும்."

இப்படி ஒரு சமையல் விதி இருப்பது எனக்குத் தெரியாது.

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். செய்தால் எப்போது வருகிறாய் என்று நான் கேட்பதுபோல் ஆகிவிடும். செய்யவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். நூர்ஜஹான் அக்கா பிரியாணி கொண்டுவந்தார். வருஷா வருஷம் பெரிய தூக்கில் வரும். இந்த வருஷம் சின்னக் கிண்ணம், ஒரு ஆள் சாப்பிடுகிற அளவு. வயதாக ஆக மனுஷருக்குக் கை சுருங்கிவிடுகிறது.

"மங்கைட்ட கொடுத்துடுங்க தம்பி" என்றார். "இப்பத்தான் மொட்டை மாடியில துணி எடுத்துட்டு நின்னுச்சு. கூப்பிட்டேன், காதுல விழல போல."

"ஆமாக்கா, துணிதான் எடுக்கப் போனா" என்றேன்.

கதவைச் சாத்திய பிறகு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கொடியில் என் வேட்டி ஒன்றுதான் கிடந்தது. அதைக் காயப் போட்டதும் நான்தான்.

கிண்ணத்தில் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். குழுவில் வித்யா, "குலசேகரன் அங்கிள் சர்க்கரை ஆலை ஆரம்பிச்சிருக்காரா? எங்க வீட்டுக்கும் வந்துச்சு" என்று எழுதியிருக்கிறாள். எஸ்தர் டீச்சர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார். மங்கையும் போட்டிருக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

இரண்டு நாள் கழிந்துவிட்டது. மங்கை வரவில்லை. கேட்கவும் இல்லை.

மாலை நான்கு மணிக்குக் குழுவில் மங்கை: "இன்னைக்கு எங்க வீட்ல எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. எல்லார் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும்."

அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கும்பகோணத்தில் இருப்பவள் திருச்சியில் சமைக்கப் போவதாக அறிவிக்கிறாள். நான் மூச்சு விடுவதற்குள் வித்யா, "அப்ப நான் குழம்பு வைக்கல" என்கிறாள். நூர்ஜஹான் அக்கா, "நான் சோறு மட்டும் வடிக்கிறேன்" என்கிறார். இனி நான் குழம்பு வைக்காவிட்டால் இன்றைக்கு நாலு வீட்டில் பட்டினி.

நல்ல வேளையாக, "வித்யா கேட்டதால" என்று அவளே பக்குவத்தை எழுதியிருந்தாள். வித்யா கேட்டதாக எங்கும் இல்லை, குழுவை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு சமைத்தேன். கத்தரிக்காயை நாலாகக் கீறி மசாலாவை அடைக்க வேண்டும் என்று இருந்தது. காம்பு அழுக்காகத் தெரிந்ததால் முதலில் அதை நறுக்கி எறிந்தேன். எண்ணெயில் போட்டதும் கத்தரிக்காய் எல்லாம் பிரிந்து திசைக்கு ஒன்றாகப் போய்விட்டது. மசாலா ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். கடைசியில் மத்தால் கடைந்து கிண்ணங்களில் ஊற்றினேன்.

எஸ்தர் டீச்சர் படம் எடுத்துக் குழுவில் போட்டார். "மங்கை, இது என்ன புது மாதிரியா இருக்கு?"

மங்கையின் பதில்: "காம்பை எடுக்காம கீறணும் டீச்சர். அப்பத்தான் காய் பிடிச்சு நிக்கும். இன்னைக்குக் கை தவறிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

தவறியது என் கை. அவள் கை கும்பகோணத்தில் சும்மா இருக்கிறது. பழியை அவள் எடுத்துக்கொண்டாள். அதைப் படித்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது, எரிச்சலாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

நேற்று மங்கையின் அறிவிப்புப்படி கீரை மசியல். உப்புப் போட மறந்துவிட்டேன். குழுவில் அவள் உப்பு என்று எழுதவில்லை. உப்புப் போட வேண்டும் என்றுகூடவா எழுதுவார்கள் என்று அவள் நினைத்திருப்பாள்.

அதன் விளைவு இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும். காலையில் எஸ்தர் டீச்சர் படியில் நிறுத்தி, "உங்களுக்குப் பிரஷர்னு ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே. அதான் மங்கை உப்பைக் குறைக்குது, பாவம்" என்றார். இல்லை என்றால் வேறு காரணம் சொல்ல வேண்டும். எனவே ஆமாம் என்றேன்.

சாயங்காலம் வந்த கிண்ணங்கள் எதிலும் உப்பு இல்லை. அக்காவின் தால்சாவில் உப்பு இல்லை. டீச்சரின் மீன்குழம்பில் உப்பு இல்லை. எனக்குத் துணையாக இந்த வாரம் நாலு வீட்டிலும் உப்பில்லாச் சமையல் என்று வித்யா குழுவில் அறிவித்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

ஜெபராஜ் பின்பக்கப் படி வழியாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றார். "கார்டு சார், ஊறுகாய் இருக்கா?" என்றார். அவர் வீட்டில் ஊறுகாயையும் ஒளித்து வைத்துவிட்டார்களாம். எங்கள் வீட்டு நார்த்தங்காயை இருவரும் சமையலறையில் நின்றபடியே தின்றோம். அவர் போகும்போது கை கழுவிக்கொண்டே, "மங்கை அம்மாட்ட சொல்லிடாதீங்க, எஸ்தர்ட்ட சொல்லிடுவாங்க" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். உள் அறையில் அவள் இருப்பதுபோல்.

ஜூன் 13, வெள்ளி

ஜெபராஜ் இன்று இன்னொன்று சொன்னார்.

"மங்கை அம்மா கொஞ்சம் மெலிஞ்சிட்டாங்க போலிருக்கே."

"எப்பப் பாத்தீங்க?"

"காலைல பால் வாங்க வந்தாங்களே. வணக்கம்னேன். சிரிச்சாங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் மனைவியை நான் பார்த்துப் பத்து நாள் ஆகிறது. இவர் எப்படிக் காலையில் பார்க்கிறார்? அவள் எப்படி இவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? இதைக் கேட்கவும் முடியாது. ஜெபராஜுக்குக் கண்ணில் புரை இருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

விடிந்ததிலிருந்து ஜன்னலில் நின்றேன். பால்காரர் வந்தார். வேறு யாரும் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மங்கையின் அறிவிப்பு: பருப்பு ரசம், வாழைக்காய் வறுவல். பக்குவம் எழுதிவிட்டுக் கீழே, "உப்பு போடலாம், அவருக்கு பிரஷர் இறங்கிடுச்சு" என்றும் எழுதியிருந்தாள். நாலு வீட்டிலும் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

ரசம் நன்றாக வந்துவிட்டது. மிகைப்படுத்தவில்லை. நுரை கட்டும் நேரத்தில் இறக்கினேன், நெய்யில் கடுகு தாளித்தேன், மல்லித்தழை கிள்ளிப் போட்டேன். ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தேன், இன்னொரு டம்ளர் குடித்தேன். "நல்லா வந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். யாரும் இல்லை. இவ்வளவு நன்றாகச் செய்த ஒரு பொருளைச் செய்துவிட்டுத் தனியாக நிற்பது மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

நேற்றும் இன்றும் மங்கை எதுவும் அறிவிக்கவில்லை. நான்கு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். விடுதலை கிடைத்தது என்று நினைக்க வேண்டியவன் நான். வெண்டைக்காய் வாங்கி வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடைசியில் நானே குழுவில் கேட்டேன்: "வெண்டைக்காய் இருக்கிறது. என்ன செய்யலாம்?" அக்கா பச்சடி என்றார். டீச்சர் புளிக்குழம்பு என்றார். வித்யா ஏதோ வடநாட்டுப் பெயர் சொன்னாள். நான் யாரை நினைத்துக் கேட்டேனோ அவளும் படித்துவிட்டாள், இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

வெண்டைக்காயை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். காய்கறிக் கூடைக்குப் பின்னால்.

ஜூன் 18, புதன்

மங்கை: "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாரும் எங்க வீட்ல சாப்பிடணும். வாழை இலை போட்டு. முருங்கைக்காய் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், ரசம், அப்பளம், சேமியா பாயசம்."

முதலில் சந்தோஷமாக இருந்தது, அவள் எழுதிவிட்டாள் என்று. அப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறாள் என்று படித்தேன்.

கிண்ணம் அனுப்புவது வேறு. கிண்ணத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. வீட்டுக்கே வந்து உட்கார்ந்தால், மங்கை எங்கே என்று கேட்க மாட்டார்களா?

ஜூன் 19, வியாழன்

நூர்ஜஹான் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, மங்கை விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"உள்ள வாங்க. இப்பத்தான் எந்திரிச்சுப் போச்சு. இந்தா, அது குடிச்ச டீ டம்ளர்கூட இன்னும் கழுவல."

மேஜையில் ஒரு டம்ளர் இருந்தது. அடியில் கொஞ்சம் டீ இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கென்ன தம்பி, கொடுத்து வச்சவரு" என்றார் அக்கா. "அது வீட்ல இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்குத் தெரியவே தெரியாதாமே."

நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துவிட்டது. திரும்பி வந்து, இரண்டு அறையிலும் விளக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வார்த்தை அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று வெகுநேரம் கழித்துத்தான் தோன்றியது. நான் சொன்ன வார்த்தைதான். ஆனால் நான் அதை அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேறு அர்த்தம் எதுவும் கிடைக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மங்கைக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வா என்று சொல்லியிருப்பேன். மறுபடி செய்தபோது மலர்விழி எடுத்து, "அக்கா உங்க வீட்டுலதானே மாமா இருக்கா? குழுவுல போட்டிருந்தீங்களே, பாத்தேன்" என்றாள்.

மங்கை குழுவை அவளுக்கும் காட்டியிருக்கிறாள்.

ஜூன் 21, சனி

மார்க்கெட். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கினேன். முன்பெல்லாம் மங்கை அப்படி முறுக்கும்போது கடைக்காரர் என்ன நினைப்பார் என்று எனக்குக் கூச்சமாக இருக்கும், நாலடி தள்ளி நிற்பேன். கடைக்காரர் ஒன்றும் நினைக்கவில்லை.

மங்கை எங்கே என்று கேட்டால் சொல்ல யோசித்து வைத்திருப்பவை: தலைவலி, படுத்திருக்கிறாள். கோயிலுக்குப் போனாள், கூட்டம். அம்மை போட்டிருக்கிறது, யாரும் உள்ளே போகக் கூடாது. மூன்றாவது உறுதியானது, ஆனால் அம்மை போட்டவள் எப்படிச் சமைத்தாள் என்று டீச்சர் கேட்பார்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியத்திலிருந்து சமையல். ஏழு மணிக்கு எல்லாம் தயார். கூட்டு கொஞ்சம் நீர்த்துவிட்டது, மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். நாலு பேரும் ஒன்றாக வந்தார்கள். டீச்சர் மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தார், மங்கைக்கு.

"மங்கை எங்கண்ணே?"

மூன்று பதில்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. "குளிக்கிறா" என்றேன்.

"ஆமா, தண்ணிச் சத்தம் கேக்குது" என்றார் டீச்சர். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஜெபராஜ் வேறு, குளியலறைப் பக்கம் பார்த்து, "மெதுவா வாங்கம்மா, அவசரம் இல்ல" என்று குரல் கொடுத்தார்.

கூடத்தில் பாய் விரித்து நாலு இலை போட்டேன். நூர்ஜஹான் அக்கா ஐந்தாவது இலையை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்தார். "மங்கையும் இன்னைக்கு எங்களோட உக்காரட்டும். பரிமாறுறதுக்குத்தான் நீங்க இருக்கீங்கல்ல."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெறும் இலையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். வித்யா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டுப் பாத்திரத்தோடு நின்றேன். இனி முடியாது என்று ஆகிவிட்டது.

"மங்கை இங்க இல்ல" என்றேன். "அவ ஊருக்குப் போய்ப் பத்தொன்பது நாளாச்சு. வருவாளான்னு தெரியல. சமைச்சதெல்லாம் நான்தான். அவ இல்லாம எனக்கு..."

அழைப்பு மணி அடித்தது. போய்த் திறந்தேன். மங்கை நின்றாள். கையில் பை, தலையெல்லாம் பஸ் தூசி.

என்னால் வழிவிடக்கூட முடியவில்லை. அவளே என்னை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள், கதவோரம் பையை வைத்தாள், கையைக் கழுவினாள், ஐந்தாவது இலை முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"என்ன ஆன்ட்டி, குளிக்க இவ்வளவு நேரமா?" என்றாள் வித்யா.

"தண்ணி வரல" என்றாள் மங்கை.

அப்புறம் அவர்கள் சிரித்த சிரிப்பில் ஜெபராஜுக்குப் புரையேறிவிட்டது. எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். மங்கை ஊருக்குக் கிளம்பும்போதே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். "பின்ன? பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை சொல்லாம யாராவது ஊருக்குப் போவாங்களா?" என்று என்னைக் கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்கதான் வீட்ல இருக்காங்கன்னு குழுவுல போட்டீங்க" என்றார் ஜெபராஜ். "நாங்க மறுத்துப் பேசுவோமா?"

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். பரிமாற ஆரம்பித்தேன்.

சாதம் வைக்கும்போதுதான் அது நடந்தது. ஜெபராஜ் இலையில் மூன்று கரண்டி, அவர் கேட்க மாட்டார், வைத்துவிட வேண்டும். அக்காவுக்கு ஒன்று, அதற்குமேல் வைத்தால் கோபிப்பார். டீச்சருக்கு ஓரமாகக் கொஞ்சம், அவருக்குச் சர்க்கரை. வித்யா அப்பளத்துக்குத்தான் சாதமே சாப்பிடுவாள். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, எப்படியோ. மங்கை இலைக்கு வந்தேன். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

இவள் எவ்வளவு சாதம் சாப்பிடுவாள்? எனக்குத் தெரியவில்லை. சாம்பார் நிறைய ஊற்றிப் பிசைவாளா, வறண்டு இருக்க வேண்டுமா? தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் சாப்பிட்டு நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் எழுந்து கை கழுவிப் பேப்பரை எடுத்த பிறகு உள்ளே ஏதோ பாத்திரச் சத்தம் கேட்கும், அதுதான் இவள் சாப்பாடு.

"எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டேன், யாரோ வேற்று மனுஷியைக் கேட்பதுபோல். எனக்கு வெட்கமாக இருந்தது.

மங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வைங்க. போதும்னா நான் சொல்றேன்."

ஒரு கரண்டி வைத்தேன். சொல்லவில்லை. இரண்டு வைத்தேன். சொல்லவில்லை. நாலாவது கரண்டியில் மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சாதம் குவிந்து கூட்டைத் தொட்டது, வறுவலை மூடியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வைத்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. கடைசியில் பாத்திரத்தைச் சுரண்டி வைத்தேன்.

பாத்திரம் காலியானதும், "சாம்பார்" என்றாள்.

சாப்பிட்டாள். நிதானமாக, யாரோடும் பேசாமல், முருங்கைக்காயைச் சப்பி ஓரத்தில் அடுக்கி, ரசத்துக்குக் குழி பறித்து, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இப்படிச் சாப்பிடுவாள் என்று யார் கண்டது. நான் சாம்பார் வாளியோடு நின்று பார்த்தேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. இரண்டாவது தடவை ரசம் கேட்டாள்.

பாயசம் முடிந்து இலையை மடித்தாள். பிறகுதான் ஏதோ நினைவு வந்தவளாக, "நீங்க சாப்பிடலையே. சோறு இருக்கா?" என்றாள்.

"இல்ல. பரவாயில்ல. நான் அப்புறம் ஏதாவது பாத்துக்கிறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. இந்த வீட்டுச் சமையலறையிலிருந்து நான் ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. கேட்டுவிட்டு ஒரு தடவைகூட எழுந்து போய்ப் பார்க்காத வார்த்தை. என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. சிரிக்கலாம் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தேன். நூர்ஜஹான் அக்கா எழுந்து போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அவர்கள் போன பிறகு நான் அதைச் சாப்பிட்டேன். மங்கை எதிரே உட்கார்ந்து மல்லிகைச் சரத்தைப் பிரித்து நீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பை இன்னும் கதவோரமே இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் என் கண் அதன்மேலேயே இருந்தது. கை கழுவிவிட்டு வந்து கேட்டேன்.

"பையை உள்ள வைக்கட்டுமா?"

அவள் பூவை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

"நாளைக்கு என்ன சமையல்?" என்றாள்.

"ரசம். உருளைக்கிழங்கு வறுவல்."

"அப்ப வைங்க."

வைத்துவிட்டேன். வீட்டில் உருளைக்கிழங்கு இல்லை. காலையில் முதல் வேலையாகப் போய் வாங்க வேண்டும்.